ஏழு வருஷம் ருசி பார்க்காத தானியம்

எங்கள் ஊர்ச் சாவடியில் தானியம் கொட்டிவைக்கிற நாலு மண் குலுக்கைகள் இருக்கின்றன. ஒன்றில் கம்பு, ஒன்றில் சோளம், ஒன்றில் சாமை, ஒன்றில் கேழ்வரகு. இல்லாதவர்கள் வாங்கிப் போவதற்காக ஊரார் வீட்டுக்கு வீடு பிடி போட்டு நிரப்புகிற தானியம் அது. அந்த நாலையும் வைத்தது பழைய நாட்டாமைதான் என்று போன பங்குனித் திருவிழாவில் அவருடைய பேரன் வெளியூர் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வயதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டானே தவிர, நடந்தது என்னவென்று என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் கூடும். கோபமும் மெதுவாகத்தான் ஆறும். ஆகவே அவசரப்படாமல் எழுதுகிறேன்.

தாது வருஷப் பஞ்சத்தில் நான் சின்னப் பெண். புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றோம், கோரைக்கிழங்கு தோண்டித் தின்றோம். கூடப் பிறந்த இரண்டு பேரைக் கொடுத்துவிட்டு மிஞ்சியவள் நான். பிறகு கல்யாணமாகி ஓடைப்பட்டிக்குத் தெற்கே இந்த ஊருக்கு வந்தேன். ஆற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம். மழை பெய்தால் கம்பும் சோளமும் சாமையும் உண்டு, பெய்யாவிட்டால் புழுதிதான். வந்த சில வருஷத்தில் மழை இரண்டு தடவை சேர்ந்தாற்போல் பொய்த்தது. பழையபடி ஆகிவிடுமோ என்று பயந்தேன். தெருப் பெண்கள் ஐந்து பேரைக் கூட்டிவைத்துப் பேசினேன். உலை வைக்கிறதற்கு முன்னால் அன்றைக்கு ஆக்கப் போகிற தானியத்தில் ஒரு பிடியை அடுப்போரத்துக் கலயத்தில் போட்டுவைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் வந்து வாங்கிக்கொள்வோம். இதுதான் ஏற்பாடு. யாரும் மறுக்கவில்லை. ஒரு பிடியில் எந்த வீடும் குறைந்துபோகாது.

அதில் ஒரு யோசனை என்னுடையது. அதைப் பற்றி நான் ஏழு வருஷம் தலை நிமிர்ந்து திரிந்தேன். வீடு வீடாக நாங்கள் தூக்கிப் போகிற மிடாப் பானையின் வாயைத் துணியால் மூடியிருப்போம். வீட்டுக்காரி தன் கலயத்தைத் துணிக்கு அடியில் விட்டுக் கவிழ்ப்பாள். என்ன போட்டாள், எவ்வளவு போட்டாள் என்று ஒருவருக்கும் தெரியாது. வசதியுள்ளவள் கம்பு போடுவாள், இல்லாதவள் கல்லும் உமியுமாகச் சாமை போடுவாள், அதற்காக ஒருத்தியும் கூசிப் போக வேண்டியதில்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். கொடுக்கிறவர்களின் மானத்தை அந்தத் துணி அப்படிக் காத்தது. வாங்குகிறவர்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஆள் உயரத்துக்கு ஒரு குலுக்கை வனைந்தவர்கள் நாங்கள் ஆறு பேர். களிமண்ணையும் வைக்கோலையும் கால் வலிக்க மிதித்து, வளையம் வளையமாக ஏற்றிக் காயவைத்தோம். அது பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பேச்சு வரும், சாவடியில் இருக்கட்டும் என்று நாட்டாமை சொன்னார். அவர் கொடுத்தது அந்த மூலை மட்டும்தான். சனிக்கிழமை முற்பகலில், சாவடியில் ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது, இல்லாதவர்கள் வந்து நிற்பார்கள். நான் குலுக்கையின் அடைப்பை எடுத்துப் படியால் அளந்து போடுவேன். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போவார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேற்கே மலைமேல் ஆற்றை மறித்து அணை கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் பிடித்தார்கள். போனவர்களில் பாதிப் பேர் மஞ்சள் பூத்த கண்ணோடு நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். மற்றவர்களைப் பற்றித் தகவல்தான் வந்தது. மலைக்காய்ச்சல் என்றார்கள். வடக்குத் தெருவில் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை, அவள் என்னை அக்கா என்பாள். அவனும் அப்படித்தான் போனான், ஒரு மாட்டுவண்டியில் படுத்தபடி திரும்பி வந்தான். அவளுக்குக் கைக்குழந்தை, பெண். விதைத்த சோளம் முளைக்கவேயில்லை. ஆட்டை விற்றுத் தின்றாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை சுளகை எடுத்துக்கொண்டு சாவடிக்கு வந்தாள். வந்தவர்களில் அவள் ஒருத்திதான் தலையைக் குனியவில்லை. என் கண்ணைப் பார்த்தே வாங்கிப் போனாள். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் தெரு உரலடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அவளும் சுளகோடு வந்து தன் முறைக்குக் காத்திருந்தாள். நாட்டாமையின் பெண்டாட்டி எட்டி அந்தச் சுளகைப் பார்த்தாள். வெள்ளைச் சோளம், பச்சைக் கம்பு, கேழ்வரகு, சாமை, எல்லாம் சேர்ந்து கிடந்தன.

"ஏத்தா, உன் சுளகுல ஊரே ஆடுது!"

உரலடி முழுவதும் சிரித்தது. நாட்டாமையின் பெண்டாட்டி விடவில்லை.

"நம்ம வீட்டுக் கம்பு பெருசு பெருசா இருக்கும். பாத்து இடி ஆத்தா, வீணாக்கிராத."

நானும் சிரித்தேன். கொஞ்சம்தான். ஆனாலும் சிரித்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இடிக்காமலே திரும்பிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. எங்கள் ஆறு பேரில் மூத்தவள் ஒரு கைம்பெண், வாய் நீளம், மனசு நல்ல மனசு. அவள்தான் புதன்கிழமை வெள்ளென வந்து சொன்னாள்.

"சேதி தெரியுமா? வடக்குத் தெருக்காரி கங்காணிகிட்டப் பேரு குடுத்துட்டா. வெள்ளிக்கிழமை வண்டி. ஏறும்போது கைநாட்டு வைக்கணுமாம். புருசனையும் புள்ளையையும் தூக்கிக்கிட்டு மலைக்குப் போறாளாம்."

"புத்தி கெட்டுப் போச்சா அவளுக்கு? அவன மறுபடி மேல கொண்டு போனா பொணமாத்தான வருவான்?"

"நான் சொல்லாமயா இருப்பேன்? அங்கன கல்லுச் சுமந்தா அரிசி குடுக்குறாக பெரியம்மாங்கிறா. அதோட பேச்சு முடிஞ்சது."

அந்த மலைக் குளிரில் கைக்குழந்தை ஒரு மாசம் தாங்காது. உடனே சாவடிக்குப் போய்க் குலுக்கையிலிருந்து நாலு படித் தானியம் எடுத்து மடியில் கட்டி, முந்தானையால் மூடிக்கொண்டு, தெருவில் ஆள் நடமாடுவதற்கு முன் அவள் வீட்டுக்குப் போனேன். அவமானப்பட்டுத்தான் வராமலிருக்கிறாள், மறைவாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள் என்பது என் கணக்கு. அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"மடியில என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, தானியம். யாருக்கும் தெரியாது. சத்தங்காட்டாம உள்ள வை."

"யாருக்கும் தெரியாம எதுக்குக் கொண்டாந்தீக? களவாண்ட சாமானா?"

"உன் மானத்துக்காகத்தான்டி."

"வாங்குறதுல என் மானம் போகல. அம்புட்டு ஆம்பளைக முன்னால நிமுந்து நின்னுதான வாங்குனேன்? நீங்க இத ஆக்கிப் பாத்திருக்கீகளா அக்கா?"

நான் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சாமை கரைஞ்சு போகுது, சோளம் கல்லாட்டம் நிக்கிது. காச்சக்காரன் வவுத்துல அது தங்குமா? அன்னிக்கு வாங்குனத மிச்சம் புடிச்சுத்தான் ஆக்குனேன், மூணு நாளா வாந்தி. பச்சத்தண்ணியத்தான் குடுத்துட்டிருக்கேன்."

"பிரிச்செடுத்து ஆக்க வேண்டியதுதான?"

"எத்தன சல்லடை இருக்கு என் வீட்டுல? பிரிச்சாலும் எல்லாத்துலயும் அரைப்பிடி அரைப்பிடி. எந்த அரைப்பிடிய ஒலையில போட? எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வைக்கிறது பன்னிக்குத்தான் அக்கா. மேல அரிசின்னா அரிசி, உப்புன்னா உப்பு. தனித்தனியாக் குடுக்குறாக."

"மேல போனா அவன் செத்துருவான்டி."

"இங்கன பன்னித்தீனி தின்னா மட்டும் பொழைச்சுக்கிருவாகளா?"

மிச்சத் தண்ணீரையும் தெளித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. வாங்கித் தின்கிறவளுக்கு இவ்வளவு வாயா? ஏழு வருஷமாகத் தெருத் தெருவாக மிடா தூக்கியவளைப் பார்த்துப் பன்னித்தீனி என்று சொல்லிவிட்டாளே! இவளும் இவள் திமிரும். போகட்டும், மலைக்கே போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவளைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆத்திரத்தில், மடியில் இருந்ததில் பாதியை உரலில் கொட்டி இடித்தேன்.

சோளத்துக்குத் தோல் கழல்வதற்குள் சாமை மாவாகிவிட்டது. சாமைக்கு உமி போகட்டும் என்று பார்த்துப் பார்த்து இடித்தால் கம்பு அப்படியே இருக்கிறது. புடைத்தால் உமியோடு சாமை மாவும் பறந்தது. சரி, வேகட்டும் என்று உலையில் போட்டேன். ஒரு பொழுது முழுக்கக் கிளறினேன். அடியில் கேழ்வரகு பிடித்துத் தீய்ந்தது, மேலே சோளம் நறுக்கு நறுக்கென்று நின்றது. காட்டிலிருந்து வந்த என் வீட்டுக்காரருக்கு அதைத்தான் ஊற்றினேன். ஒரு வாய் வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பினார்.

"என்ன புள்ள, மாட்டுத் தொட்டிக்கு வச்சத எனக்கு ஊத்திட்டியா?"

"குலுக்கைத் தானியம்."

கும்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதத்தான் ஏழு வருசமா அளந்து அளந்து குடுக்குறியா?" என்று சிரித்தார்.

அகப்பையைத் தரையில் விட்டெறிந்தேன். அவர் மேல் கோபமில்லை. ஏழு வருஷம்! பிடி போட்ட எந்த வீட்டிலும், மிடா தூக்கிய எங்கள் ஆறு பேர் வீட்டிலும், ஒருத்தி ஒரு நாள் ஒரு பிடியை ஆக்கி வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அளந்து போட்டபோது என் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தேன். அந்த முகத்தை நானே அறைந்திருப்பேன். கும்பாவில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் உட்கார்ந்து தின்றேன். சாயங்காலம் வரை வயிறு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வெயில் ஏறியதும் சாவடிக்குப் போனேன். நாட்டாமையும் வேறு மூன்று பேரும் தரைக்கல்லில் கீறிய கட்டத்தில் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். முறைக்கு அவர் எனக்கு மாமா.

"மாமா, குலுக்கையத் தொறக்கப் போறோம். தானியத்த வகை பிரிக்கணும்."

"எதுக்குத்தா?"

"கலந்தத ஆக்க முடியல."

"இத்தன வருசம் ஆக்கித் தின்னாகல்ல?"

"தின்னாக. வேற போக்கில்லாம தின்னாக."

"ஓசியில வாங்குறவுகளுக்கு வகை வேற வேணுமாக்கும்! இன்னிக்கு வகை கேப்பாக, நாளைக்கு வெஞ்சனங் கேப்பாக, அடுத்து எலை போட்டுப் பரிமாறச் சொல்லுவாக." கூட இருந்தவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

"உங்க வீட்டுல இன்னிக்கு என்ன மாமா சாப்பாடு?"

"கம்மஞ்சோறு. ஏன்?"

"சோளம், சாமை, கேவுரு எல்லாத்தையும் அதுலயே சேத்துப் போட்டு ஆக்கச் சொல்லிட்டு வாரேன் அத்தைகிட்ட. ஊரு திங்கிறதுதான? நீங்களும் ஒரு நாளைக்குத் தின்னு பாருங்க."

சிரிப்பு நின்றது. நாட்டாமை கையிலிருந்த புலிக்கல்லைக் கட்டத்தில் வைத்தார்.

"சாவடி என் பொறுப்பு. பொம்பளைக இஷ்டத்துக்கு ஏற்பாட்ட மாத்த முடியாது. குலுக்கையில கைய வைக்காம வீட்டுக்குப் போ."

குலுக்கையின் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய் இருக்கும். அதில் துணியை அடைத்துக் களிமண் பூசியிருப்போம். சனிக்கிழமைதோறும் அதை எடுத்து மறுபடி பூசியவள் நான்தான், அந்தக் கை என் கைதான். போய்க் குந்தி உட்கார்ந்து, பூச்சைத் தட்டிவிட்டு, அடைப்பைப் பிடுங்கினேன். பிடுங்கியதைத் திரும்ப வைக்கவில்லை.

தானியம் பொலபொலவென்று கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. தரையில் பரவி, ஆடுபுலிக் கட்டத்தின் மேல் ஏறி, கல்லையெல்லாம் மூடி, அவர்கள் கால் வரைக்கும் வந்தது. எனக்குப் பின்னால் எப்போது வந்து நின்றாளோ, கைம்பெண் கத்தினாள்.

"ஏலே, காலத் தூக்குங்கடா! ஆட்டையும் புலியையும் சோளம் முழுங்குது!"

தானியத்தைக் காலால் மிதிக்க எந்த விவசாயிக்கும் மனசு வராது. நாட்டாமைக்கும் வரவில்லை. நாலு பேரும் காலை மடக்கிக்கொண்டு சுவரோரமாகவே நகர்ந்து வெளியே இறங்கினார்கள். அதற்குள் மற்ற நாலு பெண்களும் சல்லடைகளோடு வந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது நான்தான். முதல் சல்லடையில் சோளம் நின்றது, அடுத்ததில் கம்பு நின்றது. சாமையும் கேழ்வரகும் ஒன்றாக விழுந்தன. அவற்றைச் சுளகில் வைத்துத் தெள்ளித் தெள்ளிப் பிரித்தோம். தூசி கிளம்பிச் சாவடிக்குள் மூச்சுவிட முடியவில்லை. நாட்டாமை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிரே வெயிலில் நின்று, "கேக்க ஆளில்லையா இந்த ஊருல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கைம்பெண் தூசிக்குள்ளிருந்தே, "இருக்கோமே மாமா! இங்கன வந்து கேளுங்க, ஒரு சல்லடையும் தாரோம்" என்றாள். பொழுது சாயும்போது நாலு மிடாக்கள் நிறைந்திருந்தன. எங்கள் இமையில், மூக்கில், தலைமுடியில் எல்லாம் உமி.

வெள்ளிக்கிழமை காலையில் நாலு துணியில் நாலு முடிச்சாகக் கட்டி, கடகப்பெட்டியில் வைத்துத் தலையில் தூக்கினேன். முந்தானையால் மூடவில்லை. ஊரெல்லாம் எழுந்து நடமாடுகிற நேரத்தில், பெரிய தெரு வழியாக, நாட்டாமை வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனேன். புளியமரத்தடியில் கங்காணியின் வண்டி நின்றது. மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்குத் தெருவில் அவள் சட்டிபானையை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தாள். புருஷன் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தான், குழந்தை அவன் காலடியில் கிடந்தது.

பெட்டியை இறக்கி வைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். கம்பில் கையை விட்டுப் பார்த்தாள். சோளத்தை அள்ளி விட்டாள். கேழ்வரகை ஊதிப் பார்த்தாள். சாமை முடிச்சில் விரலால் துழாவிக்கொண்டே இருந்தவள், எதையோ பொறுக்கி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரே ஒரு கம்பு.

"இது உங்களுது அக்கா."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்த ஒரு மணியை மடியில் செருகிக்கொண்டேன். வாங்கிக்கொள்வது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏத்தா, வர்றியா இல்லையா? மாடு நிக்கிது!" என்று கங்காணி கத்தினான். அவள் சாமையைச் சுளகில் கொட்டி எடுத்துக்கொண்டு நேரே தெரு உரலடிக்குப் போனாள். நாட்டாமையின் பெண்டாட்டியும் அங்கே இருந்தாள்.

"பாருங்க அத்தே, என் சுளகுல இன்னிக்குச் சாமை மட்டுந்தான் ஆடுது. நல்லாப் பாத்துக்கங்க" என்று சுளகை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, உலக்கையை எடுத்தாள். அன்றைக்குக் காய்ச்சிய சாமைக் கஞ்சி அவள் புருஷன் வயிற்றில் தங்கியது. அறுப்புக்கு முன்னால் எழுந்து நடந்தான்.

இத்தோடு முடித்தால் நாட்டாமையின் பேரன் சொல்கிற கதை மாதிரி ஆகிவிடும். முடிக்க மாட்டேன். அந்த வண்டி வெறும் வண்டியாகப் போகவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் சனிக்கிழமைகளில் என்னிடம் குனிந்து வாங்கியவர்கள். நான் வண்டியோடு கூடவே நடந்தேன்.

"எறங்குங்கப்பா. பிரிச்சாச்சு. இனிமே தனித்தனியாத் தாரோம்."

"கைநாட்டு வச்சாச்சே தாயி. முந்தியே பிரிச்சிருக்கலாம்" என்றார் அதில் ஒரு பெரியவர்.

"முந்தியே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அம்புட்டுச் சந்தோசமா அளந்து போடுவீக. அந்த மூஞ்சியப் பாத்து எப்படித் தாயி சொல்ல?"

வண்டி ஓடையில் இறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போனது. நாலு பேரில் இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். அந்தப் பெரியவர் வரவில்லை. அணை எழும்பியது, தண்ணீர் வந்தது என்று ஊரெல்லாம் கொண்டாடியது. எங்கள் மேட்டுக்கு அதில் ஒரு சொட்டும் ஏறவில்லை.

அந்த மாசமே இன்னும் மூன்று குலுக்கைகள் வனைந்தோம். மிடாவுக்குப் பதிலாக வகைக்கு ஒரு கலயமாக நாலு கலயம் தூக்கினோம். துணியை எடுத்துவிட்டோம். செவ்வாய்க்கிழமைதோறும், வாங்கி வந்ததில் ஒரு பிடியை எங்களில் ஒருத்தி ஆக்கித் தின்று பார்த்தாள். நாலு குலுக்கையையும் வைத்தது யார் என்று இனி எவனாவது கேட்டால், வடக்குத் தெருக்காரி ஒருத்தி வைத்தாள் என்று சொல்லுங்கள். நாங்கள் ஆறு பேர் சல்லடை பிடித்தோம். நாட்டாமை வெயிலில் நின்றார்.